செயற்கை ஒளியின் வரலாறு – 14: திருகு மரையும் பின் மூடியும்

மின்விளக்கின் வரலாற்றை எழுதப் புகுந்தவர்களில் பெரும்பாலோர் இழையின் மீதே கண் வைத்தார்கள். கரியாக்கப்பட்ட மூங்கில் நார் டங்ஸ்டன் கம்பிக்கு வழிவிட்டதும், அக்கம்பி பாதரச ஆவி நிரம்பிய வளைகுழலுக்கு வழிவிட்டதும், அக்குழலும் எல்.இ.டி. எனப்படும் ஒளியுமிழ் டையோடின் முன் பின்வாங்கியதும் இத்தொடரின் முந்தைய பகுதிகளில் விரிவாகச் சொல்லப்பட்டன. இத்தனை மாற்றங்களுக்கு நடுவிலும் ஏறத்தாழ உருமாறாமல் நிலைத்த உறுப்பு ஒன்று உண்டு. கண்ணாடிக் குமிழின் அடியில் ஒட்டப்பட்ட உலோக மூடியும் அதை ஏற்றுக்கொள்ளும் ஹோல்டரும் சேர்ந்த இணையே அது. விளக்கு எரிந்து தீர்ந்ததும் கழற்றி எறியப்படும் பொருள். ஹோல்டரோ சுவரோடும் கூரையோடும் அவற்றுக்குள் ஓடும் கம்பிகளோடும் பிணைந்து ஒரு தலைமுறைக் காலம் இருக்கும் பொருள். ஆகவே புதிய விளக்கைக் கண்டுபிடித்த ஒவ்வொருவரும், தம் கண்டுபிடிப்பு எவ்வளவு புரட்சிகரமானதாக இருந்தாலும், வீட்டில் ஏற்கெனவே இருந்த ஹோல்டருக்கு இணங்கியே அதை உள்ளே கொண்டுவர வேண்டியிருந்தது. எந்த நாட்டில் எந்த வகை மூடி நிலைபெற்றது என்பதைப் பார்த்தால், அந்த நாட்டுக்கு மின்சாரம் யார் கையால் வந்தது என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

தொடக்கத்தில் மூடி என்ற ஒன்றே இருக்கவில்லை. நியூகாசிலில் ஜோசப் சுவான் 1879இல் மக்கள் முன் எரியவிட்ட விளக்கின் வழியில் உருவான ஆரம்பகால விளக்குகளில், கண்ணாடியின் அடியிலிருந்து பிளாட்டினக் கம்பியாலான இரண்டு சிறு வளையங்கள் மட்டுமே வெளியே நீண்டிருந்தன. ஹோல்டரில் இருந்த இரண்டு கொக்கிகளில் அவ்வளையங்களை மாட்டினால், நடுவிலுள்ள சுருள்வில் கண்ணாடியை வெளிப்புறமாகத் தள்ளும். அந்தத் தள்ளுதலால் வளையங்கள் கொக்கிகளில் இறுகி மின்தொடர்பு உண்டாகும். நேர்த்தியான ஏற்பாடுதான் என்றாலும், நுண்மையான பிளாட்டின வளையமே விளக்கின் எடை, வில்லின் விசை, மாட்டுபவரின் கைமுரட்டுத்தனம் ஆகிய மூன்றையும் தாங்க வேண்டியிருந்ததால், வளையம் ஒடிந்தால் நல்ல இழை கொண்ட விளக்கும் பயனற்றுப் போயிற்று. மின்னிணைப்பைத் தருவதும் எடையைத் தாங்குவதும் ஒரே உறுப்பின் வேலையாக இருக்கக் கூடாது என்ற பாடத்திலிருந்துதான் மூடி பிறந்தது.

அட்லாண்டிக்கின் மறுகரையில், மென்லோ பார்க்கில் எடிசனின் கூடமும் இதே சிக்கலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. விளக்கைத் திருகிப் பொருத்தலாம் என்ற எண்ணம் மண்ணெண்ணெய் டப்பாவின் திருகு மூடியைக் கழற்றும்போது எடிசனுக்குத் தோன்றியது என்று ஒரு கதை வழங்கிவருகிறது. கதை எவ்வாறாயினும், மூடியும் ஹோல்டரும் சேர்ந்த அமைப்புக்கான காப்புரிமை 1881ஆம் ஆண்டின் இறுதியில் அவருக்குக் கிடைத்தது. முதல் திருகு மூடிகளின் உடல் மரத்தால் ஆனது. மரம் காய்ந்து சுருங்கி உலோகப் பட்டைகளை நெகிழச் செய்ததால் அதை விட்டுவிட்டு, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் எனப்படும் சுண்ணக் குழம்பை வார்த்து இறுக்கும் முறைக்கு மாறினார்கள். அங்கேதான் எவரும் எதிர்பாராத குறை ஒன்று தலைகாட்டியது. அந்நாளைய மூடியில் ஒரு மின்முனை மரை வெட்டிய உலோகக் கூடாகவும், மற்றது அதற்கு மேலே கூம்பு வடிவ வளையமாகவும் இருந்தன. விளக்கை இறுகத் திருகும்போது மரை கீழ்நோக்கி இழுக்க, கூம்பு வளையம் ஹோல்டரின் விளிம்பில் முட்டி நின்றது. இரண்டுக்கும் நடுவிலிருந்த சுண்ணம் இழுபட்டுப் பிளந்தது. சுண்ணம் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. இதை உணர்ந்து இரண்டாவது மின்முனையை மூடியின் அடிமையத்துக்கு, ஒரு பொத்தான் போலக் கொண்டுசென்றார்கள். அதன்பின் எவ்வளவு இறுக்கித் திருகினாலும் சுண்ணத்தின் மீது விழுந்தது அமுக்கம் மட்டுமே. இன்று உலகெங்கும் விற்கும் ஒவ்வொரு திருகு விளக்கின் அடியிலும் தெரியும் அந்த வட்டப் பொட்டு, சுண்ணம் வெடித்த ஒரு தொழில்நுட்பத் தொல்லையின் தீர்வாக வந்து நிலைத்தது. சுண்ணம் ஈரத்தை உறிஞ்சுகிறது என்று அறிந்தபின் 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் பீங்கானும், அடுத்து உருக்கி வார்த்த கண்ணாடியும் அதன் இடத்தைப் பிடித்தன. பொட்டு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

எடிசனின் மூடி அமெரிக்காவில் எதிர்ப்பின்றி வெற்றிபெறவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் விளக்கு தன் ஹோல்டரில் மட்டுமே பொருந்த வேண்டும் என்று விரும்பியதால், ஒரு டஜனுக்கும் மேற்பட்ட மூடி வகைகள் அந்நாட்டுச் சந்தையில் இருந்தன. அவற்றுள் முதன்மையானவை மூன்று. எடிசனின் மூடியில் மரை வெளிப்புறத்தில் இருந்தது. தாம்சன்-ஹூஸ்டன் மூடியின் நடுவே மரை வெட்டிய துளை இருக்க, ஹோல்டரின் மையத்திலிருந்து எழும் திருகாணி அதற்குள் புகுந்தது. வெஸ்டிங்ஹவுஸ் மூடியைத் திருகவே வேண்டியதில்லை, நேராக அழுத்திச் செருகினால் போதும். 1892இல் எடிசனின் நிறுவனமும் தாம்சன்-ஹூஸ்டனும் இணைந்து ஜெனரல் எலக்ட்ரிக் உருவானபோது, ஒரே நிறுவனம் தன் இரண்டு வகை வாடிக்கையாளர்களுக்கும் இரண்டு வகை மூடிகளைத் தயாரிக்க நேர்ந்தது. 1900ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் புழங்கிய விளக்குகளில் நூற்றுக்கு எழுபது எடிசன் மூடி கொண்டவை என்று அத்துறையின் வரலாற்றாசிரியர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மீதி முப்பதை ஒழித்தது கட்டாயமன்று, சிறியதொரு இடைக்கருவி. பிற வகை ஹோல்டர்களில் நிலையாகப் பொருத்திவிட்டு அதன்மேல் எடிசன் விளக்கைத் திருகிக்கொள்ள உதவும் அடாப்டர்களை அடக்கவிலைக்கே விற்றார்கள். வீட்டுக்காரர் சுவரை உடைக்கவோ கம்பியை மாற்றவோ தேவையிருக்கவில்லை. தரப்படுத்தலின் வரலாற்றில் இதைவிட நாகரிகமான வெற்றிகள் அரிது.

ஐரோப்பியக் கண்டத்துக்கு அதே மூடி வணிக உரிமையின் வழியாகச் சென்றது. 1881இல் பாரிசில் நடந்த மின்சாரக் கண்காட்சியில் எடிசனின் அமைப்பைக் கண்ட எமில் ராத்தெனாவ், ஜெர்மனிக்கான உரிமைகளைப் பெற்று 1883இல் தொடங்கிய நிறுவனமே பிற்காலத்தில் ஏ.இ.ஜி. என்ற பெரும் தொழிற்குழுமமாக வளர்ந்தது. அங்கே எடிசன் மரை விளக்கோடு நிற்காமல் உருகிகளுக்கும், அதாவது ஃபியூசுகளுக்கும், அடிப்படை வடிவமாயிற்று. அமெரிக்காவில் அது வேறொரு பணியையும் ஏற்றது. தொடக்ககால வீடுகளில் விளக்குக்கு மட்டுமே கம்பி இழுத்திருந்தார்கள். சுவரில் பிளக் செருகும் துளைகள் கிடையா. ஆகவே மின்சார இஸ்திரிப்பெட்டியோ விசிறியோ வாங்கியவர் விளக்கைக் கழற்றிவிட்டு, கருவியின் கம்பி முனையை அதே ஹோல்டரில் திருக வேண்டியிருந்தது. ஹார்வி ஹபெல் 1904இல் காப்புரிமை பெற்ற பிரிக்கக்கூடிய பிளக், கம்பி முறுக்கிக்கொள்ளும் இந்தத் தொல்லையைத் தீர்க்கவே வடிவமைக்கப்பட்டது. அடுத்துச் சொல்லப்போகும், பக்கவாட்டில் முளைகள் கொண்ட பின் மூடி வடிவில் அமைந்த இத்தகைய இணைப்பான்கள் தமிழ்நாட்டுக் கடைகளில் இன்றும் கிடைக்கின்றன என்றாலும், பல்பின் சிறு மின்னோட்டத்துக்காக இழுத்த கம்பியில் இஸ்திரிப்பெட்டியை மாட்டுவது தீ விபத்துக்கு வழிவகுக்கும்.

பிரிட்டன் மட்டும் வேறு வழியில் நடந்தது. சுவானும் எடிசனும் வழக்காடுவதைவிட இணைவதே இலாபம் என்று கண்டு 1883இல் எடிசுவான் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட கூட்டு நிறுவனத்தை அமைத்தபோதும், அங்கே வேரூன்றியது எடிசனின் மரை அன்று. துப்பாக்கி முனையில் பயனெட் கத்தியை அழுத்தித் திருப்பிப் பூட்டும் முறையை ஒத்த மூடியே அங்கு நிலைத்தது. மூடியின் பக்கவாட்டில் எதிரெதிராக இரண்டு சிறு முளைகள் துருத்தி நிற்கும். கடைப்பேச்சில் இவையே பின்கள். ஹோல்டரின் விளிம்பில் எல் வடிவில் வெட்டிய இரண்டு காடிகளில் அவற்றை இறக்கி, உள்ளிருக்கும் வில்லை எதிர்த்துச் சற்றே அழுத்தி, வலப்புறமாகச் சிறிது திருப்பி விட்டால் வில்லே விளக்கை வெளியே தள்ளி முளைகளைக் காடியின் முனையில் பூட்டிவிடும். விளக்கின் அடியைத் திருப்பிப் பார்த்தால், ஈயப்பற்றுத் திரண்ட இரண்டு பொட்டுகளும் அவற்றைச் சுற்றிப் பளபளக்கும் கருநிறக் கண்ணாடியும் தெரியும். வைட்ரைட் எனப்பட்ட அந்தக் காப்புக் கண்ணாடியை மூடிக்குள் உருக்கி வார்க்கும் முறையை வளர்த்தெடுத்தவர் ஜோசப்பின் சகோதரர் ஆல்ஃபிரட் சுவான். இழைக்காக அண்ணன் பெற்ற புகழில் ஒரு பங்கையாவது மூடிக்காக இவர் பெற்றிருக்க வேண்டும். வரலாறு அதைத் தரவில்லை.

பிரிட்டிஷ் ஆட்சியும் பிரிட்டிஷ் சரக்கும் சென்ற இடங்களுக்கெல்லாம் பின் மூடியும் சென்றது. இந்தியா, இலங்கை, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து ஆகிய நாடுகள் அதன் பழைய ஆட்சிப்பரப்பு. பிரிட்டனின் ஆளுகைக்கு வெளியே இருந்த பிரான்சிலும் அது நெடுங்காலம் பரவலாக வழங்கியது. சென்னையில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்விநியோகம் வந்தபோது கம்பி இழுத்தவர்கள் பொருத்திய மூடியே இன்றும் தமிழ்நாட்டு வீடுகளின் பொது வழக்கு. சுவரில் சாய்வாக நிற்கும் ஆங்கிள் ஹோல்டர், கூரையில் தட்டையாக ஒட்டிய பேட்டன் ஹோல்டர், கம்பியில் தொங்கும் பெண்டன்ட் ஹோல்டர் என்று மின்பணியாளர்கள் பிரித்தறிவது ஹோல்டர் நிற்கும் நிலையைத்தான். மூன்றும் ஏற்பது 22 மில்லிமீட்டர் விட்டமுள்ள அதே பின் மூடியை. பித்தளையில் தொடங்கிய இந்த ஹோல்டர்கள், அதிர்ச்சி அபாயம் குறைந்த பேக்கலைட்டுக்கு மாறியதே அவற்றின் வாழ்வில் நேர்ந்த பெரிய மாற்றம்.

இரண்டு வடிவங்களில் எது மேல் என்ற கேள்விக்கு நேர்மையான விடை, ஒவ்வொன்றும் மற்றதன் குறையை நீக்கியிருக்கிறது என்பதே. திருகு மூடியில் மரையே மின்முனையாகவும் இருப்பதால், கம்பி இணைப்பவர் மையப் பொட்டுக்கு ஃபேஸ் கம்பியையும் மரைக்கு நியூட்ரல் கம்பியையும் தர வேண்டும். இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் விளக்கு வழக்கம்போல எரியும், ஆனால் அதைக் கழற்றும்போது மரையில் விரல் பட்டவருக்கு மின்னதிர்ச்சி கிடைக்கும். எரிகிறது என்பதால் எவரும் ஐயப்படாத குறை என்பதே இதன் கொடுமை. பின் மூடியில் வெளிக்கூடு மின்சுற்றில் இல்லை. இரண்டு முனைகளும் அடியிலேயே இருப்பதால் கம்பிகள் மாறினாலும் மூடியைத் தொடுபவருக்குக் கேடில்லை. அதிர்வால் தானாகக் கழன்றுவிடாத குணமும் அதற்கு உண்டு. அதன் நலிவு வில்லில் இருக்கிறது. பல்லாண்டு வெப்பத்தில் வில் தளர்ந்தால் தொடுமுனை பொட்டின் மீது அழுந்தாமல் மேலோட்டமாக நிற்கும். இடைவெளியில் தீப்பொறி தாவும். ஈயப்பற்று உருகித் தட்டையாகிக் கறுக்கும். புதிய பல்பு போட்டும் விளக்கு மினுக்கினால் பெரும்பாலும் நோய் பல்பில் இல்லை, ஹோல்டரில்தான். பழைய பல்பின் அடிப்பொட்டுகளில் ஒன்று மட்டும் கறுத்துக் குழிந்திருப்பதைக் கண்டால் எந்தப் பக்கத்து வில் தளர்ந்தது என்பதும் விளங்கிவிடும்.

மூடிகளை இனங்காண உலகம் முழுவதும் பயன்படும் குறியீட்டு முறையைச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 60061 என்ற எண்ணுள்ள தரநூலில் வகுத்திருக்கிறது. பெட்டியின் மீது அச்சிட்ட குறியின் முதல் எழுத்து பிடிக்கும் முறையையும், எண் மில்லிமீட்டர் அளவையும், இறுதியிலுள்ள சிறிய எழுத்து தொடுமுனைகளின் எண்ணிக்கையையும் சொல்லும். எடிசன் பெயரின் ஆங்கில முதலெழுத்தான 'இ' திருகு மரையைக் குறிக்க, பயனெட்டின் 'பி' பின் மூடியைக் குறிக்கும். ஆகவே வீட்டு பல்பின் 'பி22டி' என்ற குறியை, 22 மில்லிமீட்டர் விட்டமும் இரட்டைத் தொடுமுனையும் உள்ள பின் மூடி என்று விரித்துப் படிக்க வேண்டும். திருகு வகையில் ஐரோப்பாவின் வீட்டு விளக்கு இ27. அலங்காரச் சரவிளக்கின் மெல்லிய மூடி இ14. தொழிற்கூடங்களிலும் தெருக்களிலும் எரியும் பெருவிளக்கின் மூடி இ40. கைவிளக்கின் சின்னஞ்சிறு பல்பு இ10. அமெரிக்காவின் வீட்டு விளக்கு இ26. இ26, இ27 இரண்டிலும் மரையின் இடைவெளி ஒன்றே, அங்குலத்துக்கு 7 சுற்று. மில்லிமீட்டர் பெயர் சூட்டிக்கொண்ட பின்னும் மூடி தன் அங்குலப் பிறப்பை மறக்கவில்லை. ஒன்று மற்றதன் ஹோல்டரில் பெரும்பாலும் ஏறிவிடும் என்பதால், அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த 120 வோல்ட் குண்டு பல்பை 230 வோல்ட் இணைப்பில் திருகினால் கணத்தில் எரிந்து போகும். மூடி பொருந்துவது மின்னழுத்தம் பொருந்துவதற்குச் சான்றாகாது.

குறி அழிந்துபோன விளக்கை இனங்காண விரும்புபவர், மரையா முளையா என்பதை முதலில் பார்த்து, மூடியின் வெளிவிட்டத்தை அளந்து, அடியிலுள்ள தொடுமுனைகளை எண்ணினால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். மரையோ பக்க முளையோ இன்றி அடியில் இரண்டு கம்பி முட்கள் மட்டும் நீண்டிருந்தால் அது 'ஜி' குடும்பம். அங்கே எண் குறிப்பது விட்டத்தை அன்று, இரு முட்களின் நடுவிடங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை.

முளைகளின் எண்ணிக்கையோடு அவை நிற்கும் இடமும் பொருள் தருவது என்பதை வாகன விளக்குகளே நன்கு காட்டுகின்றன. வாகனத்தின் பின்விளக்குக் குமிழ் ஒன்றினுள் இரண்டு இழைகள் உண்டு. இரவில் மங்கலாக எரிய 5 வாட் இழையும், பிரேக் மிதிக்கும்போது பிரகாசிக்க 21 வாட் இழையும். பல்பைத் தலைமாற்றிப் பொருத்த முடிந்தால், மங்கலாக எரிய வேண்டிய நேரத்தில் அது பிரேக் விளக்காக ஒளிர்ந்து பின்னால் வருபவரைக் குழப்பும். இதைத் தடுக்கவே அதன் மூடியில் ஒரு முளை சற்று உயரத்திலும் மற்றது தாழ்விலும் வைக்கப்பட்டன. ஒரே நிலையில்தான் அது உள்ளே இறங்கும். பிஏஒய்15டி என்ற குறியின் 'ஒய்' இந்த உயர வேறுபாட்டைச் சொல்கிறது. கண்ணாடியே மஞ்சள் சாயமேறிய திரும்பல் விளக்கில், முளைகள் நேரெதிராக நிற்காமல் 150 பாகைக் கோணத்தில் சாய்ந்து நிற்கும். நிறமற்ற பல்பை அதன் இடத்தில் போட்டு வெள்ளைச் சைகை காட்டிவிடக் கூடாது என்பது காரணம். முகப்பு விளக்குக்கு இன்னும் கடுமையான தேவை உண்டு. இழை எதிரொளிப்பானின் குவியத்தில் நிற்காவிட்டால் ஒளி சாலையில் விழாது எதிர்வருபவர் கண்ணில் விழும் என்பதால், இழையின் இடத்தைத் தயாரிப்பின்போதே துல்லியமாக நிலைநிறுத்தி விளிம்புத் தகடு பொருத்திய 'பி' வகை மூடி வகுக்கப்பட்டது. இந்த 'பி' பயனெட்டின் எழுத்தன்று, ஆங்கில வரிசையின் பதினாறாம் எழுத்து.

வேண்டுமென்றே பொருந்தாமல் செய்தல் என்ற இந்த உத்தி வீட்டு விளக்கிலும் உண்டு. கூரைக்குள் பதிக்கும் ஸ்பாட் விளக்குகளில் ஜியு10, ஜிஇசட்10 என்ற இரண்டு மூடிகள் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் முட்களின் இடைவெளி 10 மில்லிமீட்டர், இரண்டும் அழுத்தித் திருப்பிப் பூட்டுபவை. முந்தையதன் அடிவிளிம்பு சரிவாகச் சீவப்பட்டிருக்கும், பிந்தையதன் விளிம்பு சதுரமாக நிற்கும், அவ்வளவே வேறுபாடு. ஜிஇசட்10 வகையில் வெப்பத்தின் பெரும்பகுதி எதிரொளிப்பானை ஊடுருவிப் பின்பக்கம் செல்வதால், அந்த வெப்பத்தைத் தாங்கும் விளக்குக்கூட்டில் மட்டுமே அதைப் பொருத்தலாம். சீவிய விளிம்புக்கென அமைந்த ஹோல்டர் சதுர விளிம்பை உள்ளே விடாது. ஒரு சிறு சரிவைக் கொண்டு ஒரு தீ விபத்தைத் தடுத்தவர்களின் அறிவு பாராட்டுக்குரியது. நியூயார்க் சுரங்க ரயிலில் திருட்டைத் தடுக்க இடப்பக்க மரை கொண்ட விளக்குகள் பொருத்தப்பட்டதும் இதே வழியில்தான். திருடியவர் வீட்டு ஹோல்டரில் அவை ஏறா.

சிக்கன விளக்குகளின் காலத்தில் அரசுகளும் இதே உத்தியைக் கையாண்டன. மின்சாரம் அதிகம் குடிக்கும் குண்டு பல்புக்கு மக்கள் திரும்பிவிடாதிருக்க, அமெரிக்காவில் ஜியு24 என்ற இருமுள் மூடியும், பிரிட்டனின் புதிய வீடுகளில் மூன்று முளை கொண்ட பின் மூடியும் கொண்டுவரப்பட்டன. பொதுமக்கள் இவற்றை விரும்பவில்லை. வேறு கடையில் கிடைக்காத, விலை கூடிய விளக்கையே வாங்கும்படி ஆயிற்று என்று பிரிட்டனில் குறைபட்டுக்கொண்டார்கள். இந்தியா எதிர்த்திசையில் சென்றது. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தின் எல்.இ.டி. பல்புகள் புதிய ஹோல்டர் எதையும் கேட்கவில்லை. இயக்கும் மின்சுற்று முழுவதையும் கழுத்துக்குள் சுருக்கி அடக்கிக்கொண்டு, பழைய 22 மில்லிமீட்டர் பின் மூடியுடனேயே அவை வந்தன. குண்டு பல்பைக் கழற்றிய அதே கையால், அதே ஹோல்டரில், மின்பணியாளர் துணையின்றி எவரும் மாட்டிக்கொள்ள முடிந்ததால்தான் 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் அத்திட்டத்தின்கீழ் இல்லங்களைச் சென்றடைவது இயன்றது.

இந்த இரு பெரும் குடும்பங்களுக்கும் வெளியே நின்று, பக்க முளையோ மரையோ இல்லாமல் இரு முனைகளிலும் இரண்டிரண்டு முட்களோடு வந்த டியூப் லைட்டின் ஜி13 மூடி, தன்னோடு சோக்கையும் ஸ்டார்ட்டரையும் வீட்டுக்குள் அழைத்துவந்தது. அடுத்த பகுதி அதைப் பற்றியது.